அடுத்த கட்டம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் பல நிறத் துகள்கள் தெரியும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நடுநடுவே மஞ்சளும் பழுப்புமாக மோனசைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை அடையாளம் கண்டு, அதைத் தேடி இந்தக் கரைக்கே வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியிருந்தது மோனசைட்டுக்குள் இருக்கும் தோரியம். ஐரோப்பியத் தெருக்களின் கேஸ் விளக்கு மேன்டிலுக்கு அது தேவைப்பட்டது. நம் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் ஆட்கள் தலையில் சுமந்துவந்த பெட்ரோமாக்ஸின் வெளிச்சத்திலும் தோரியத்துக்குப் பங்கு உண்டு.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1954 நவம்பரில், டெல்லியில் நடந்த ஒரு மாநாட்டில் இயற்பியலாளர் ஹோமி பாபா இதே தோரியத்தை இலக்காக வைத்து ஒரு திட்டத்தைச் சொன்னார். அணுசக்தித் துறை தொடங்கி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. நாட்டில் ஓர் அணுஉலைகூடக் கிடையாது. அப்சரா இயங்கியது 1956 ஆகஸ்டில்தான். கையில் எதுவுமே இல்லாத அந்த நேரத்தில், தன் ஆயுளுக்குள் முடியாது என்று தெரிந்த ஒரு வேலையை அவர் மூன்று கட்டங்களாக வகுத்துவைத்தார். 1966 ஜனவரியில் மோன்ட் பிளாங்க் மலையில் மோதிய விமானத்தில் அவர் இறந்தபோது முதல் கட்டமே சரியாகத் தொடங்கியிருக்கவில்லை. ஆனாலும் இந்திய அணுசக்தித் துறை இன்றுவரை தன்னை விளக்கிக்கொள்வது அந்த மூன்று கட்டங்களை வைத்துத்தான். பெரிய வேலைகளைக் கட்டம் பிரிப்பதைப் பற்றி யோசிக்கிறவர்களுக்குக் கல்பாக்கம் அணுஉலை வளாகம் நல்ல இடம். மூன்று கட்டங்களும், சிறியதோ பெரியதோ, ஆளுக்கோர் உலையாவது அந்த ஒரே வளாகத்தில் வைத்திருக்கின்றன.

திட்டத்தின் அடிப்படைக் கணக்கு எளிது. இந்தியாவிடம் யுரேனியம் சொற்பம், தோரியம் ஏராளம். ஆனால் தோரியம் தானாகத் தொடர்வினையில் இறங்காது. அது ஒரு நியூட்ரானை விழுங்கி, யுரேனியம்-233 ஆக மாறிய பிறகுதான் எரிபொருளாகும். அந்த நியூட்ரானுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறோர் உலையிடம்தான் போய் நிற்க வேண்டும். பால் எவ்வளவு இருந்தாலும் உறைமோர் இல்லாமல் தயிராகாது. பாபாவிடம் பால் குடம் குடமாக இருந்தது, உறைதான் இல்லை. முதல் இரண்டு கட்டங்களும் அந்த உறையைச் சேர்க்கிற வேலை.

முதல் கட்டம் கனநீர் உலைகள். செறிவூட்டாத யுரேனியமே அவற்றுக்குப் போதும். மின்சாரம் வரும், எரிந்து தீர்ந்த கோல்களுக்குள் கொஞ்சம் புளூட்டோனியமும் சேர்ந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்து இரண்டாம் கட்டத்தின் ஈனுலைகளில் போட வேண்டும். ஈனுலை தான் செலவழிப்பதைவிடக் கூடுதலான எரிபொருளை உண்டாக்கும். இப்படிப் பெருக்கிப் பெருக்கிப் போதிய உலைகள் சேர்ந்த பிறகு, அவற்றின் மையத்தைச் சுற்றித் தோரியத்தை அடுக்கி யுரேனியம்-233 எடுக்கலாம். மூன்றாம் கட்டத்தில் அந்த யுரேனியமும் தோரியமும் சேர்ந்து ஓடும் உலைகள் வரும். மணவாளக்குறிச்சி மணல் அப்போதுதான் மின்சாரமாகும்.

இந்தத் திட்டத்தில் என் மனத்தைப் பிடித்துக்கொள்வது கட்டங்களுக்கு இடையே உள்ள உறவு. முதல் கட்டம் வேண்டாம் என்று ஒதுக்கும் கழிவில்தான் இரண்டாம் கட்டத்தின் மூலதனம் இருக்கிறது. வரிசையை எந்த அமைச்சரவையாலும் மாற்ற முடியாது. இயற்பியல் போட்ட வரிசை அது. இரண்டாம் கட்டத்தின் வேகமும் அப்படித்தான். ஓர் ஈனுலை, தன்னைப் போன்ற இன்னொன்றைத் தொடங்கப் போதுமான உபரி எரிபொருளைச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நிதியைக் கொட்டினாலும் ஆட்களைக் குவித்தாலும் அந்த ஆண்டுகளை வாங்க முடியாது.

நாம் வழக்கமாகப் பார்க்கிற கட்டங்கள் வேறு வகை. ஒதுக்கிய பணம் தீர்ந்த இடத்தில் முதல் கட்டம் முடியும்; தேர்தல் நெருங்கும்போது இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நடுவார்கள். மென்பொருள் நிறுவனங்களில் ‘அதை அடுத்த ஃபேஸ்ல பாத்துக்கலாம்’ என்று மேலாளர் சொன்னால், அது நடக்கப்போவதில்லை என்பதைச் சுற்றியிருப்பவர்கள் அனைவரும் புரிந்துகொள்வார்கள். பில் போடுவதற்காகவே வைத்த மைல்கற்களும் உண்டு. ஆவணத்தில் கையெழுத்து விழுந்தால் இத்தனை சதவீதம், சர்வரில் ஏற்றினால் இத்தனை சதவீதம். ஏற்றியது ஓடுகிறதா என்பது அடுத்த ஒப்பந்தத்தின் கவலை. இங்கெல்லாம் முதல் கட்டம் இரண்டாம் கட்டத்துக்கு எதையும் தருவதில்லை, பாக்கியைத் தவிர.

ஆனால் அடுத்ததற்கு உதவுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுத்தது வராமலே போனால் இது தனியாக நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். சென்னையின் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரையிலிருந்து திருமயிலை வரை 1997-இல் முடிந்தது. வேளச்சேரியைத் தொட 2007 ஆயிற்று. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் 5 கிலோமீட்டர். அந்த 5 கிலோமீட்டர், ஆதம்பாக்கத்தில் நிலம் எடுக்கும் வழக்குகளில் சிக்கிப் பத்தாண்டுகளுக்கும் மேல் வெறும் தூண்களாகவே நின்றது. புறநகர் ரயிலும் மெட்ரோவும் சந்திக்கும் இடத்தைத் தொடாமல் நின்றதால் முழுப் பயன் வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இத்தனை ஆண்டுகளாக அதில் ஏறிக் கடற்கரைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். கடைசிக் கட்டம் வராததால் முதல் கட்டம் குப்பையாகிவிடவில்லை.

பாபாவின் முதல் கட்டம் இந்த இரண்டு சோதனையிலும் தேறியது. ராஜஸ்தானில் கனடாவின் உதவியோடு தொடங்கிய கனநீர் உலைப் பணி, 1974 மே மாதப் பொக்ரான் அணுவெடிப்புக்குப் பிறகு அந்த உதவி நின்றதும் முழுக்க நம் பொறியாளர்கள் கைக்கு வந்தது. கல்பாக்கத்தின் முதல் கனநீர் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985-இலும் இயங்கத் தொடங்கின. மின்சாரம் கொடுத்தன, புளூட்டோனியமும் கொடுத்தன. தோரியக் கனவு பலிக்காமலே போனாலும் அந்த உலைகள் எரியவிட்ட விளக்குகள் எரிந்தவைதான்.

இரண்டாம் கட்டத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. 1985 அக்டோபர் 18 அன்று கல்பாக்கத்தில் சோதனை ஈனுலை ஒன்று உயிர்பெற்றது. வடிவம் பிரான்சின் ராப்சோடி உலையைத் தழுவியது. அதற்குரிய செறிவூட்டிய யுரேனியம் 1974-க்குப் பிறகு கிடைக்கவில்லை. அதனால் புளூட்டோனியம், யுரேனியம் இரண்டின் கார்பைடையும் கலந்து ஓர் எரிபொருளைத் தாங்களே செய்துகொண்டார்கள். அனுபவம் அதிகமில்லாத எரிபொருள் என்பதால் மையத்தைச் சிறியதாக வைத்துக்கொண்டு, ஒரு கோல் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் திறனை ஏற்றினார்கள். வெப்பத்திறன் 40 மெகாவாட்டுக்கு வடிவமைத்த உலை அது. 1997-இல்தான் அதன் மின்சாரம் முதன்முதலாக மின்கட்டமைப்பில் சேர்ந்தது. முழு 40 மெகாவாட்டைத் தொட்டது 2022 மார்ச்சில்.

முப்பத்தாறு ஆண்டுகள். தணிக்கை அறிக்கை எழுதுகிறவர் இதைத் தாமதம் என்று குறிப்பார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு எடுத்துவைத்த படி. உலகில் எந்தக் கால அட்டவணையும் அந்தப் பதிலை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க முடியாது.

அணுஉலை கட்டுகிறவர்களின் மைல்கற்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அவர்கள் கிரிட்டிகாலிட்டி என்று சொல்வது, தொடர்வினை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் நொடியை. அந்த நொடிக்கு ஒரு நாள் குறித்து, அமைச்சரை அழைத்து, பொத்தானை அழுத்துவதில்லை. எரிபொருளைச் சிறு தொகுதிகளாக உள்ளே வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் நியூட்ரான்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதன் தலைகீழ் மதிப்பை வரைபடத்தில் புள்ளி வைத்தால், கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும். அது சுழியைத் தொடும் இடம்தான் மைல்கல். நாலைந்து புள்ளிகள் விழுந்த உடனே, இன்னும் எத்தனை கோல்களில் அது வரும் என்று கோட்டை நீட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். புள்ளி கோட்டைவிட்டு விலகினால் வேலை அங்கேயே நிற்கும்.

1942 டிசம்பர் 2-ஆம் தேதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில், உலகின் முதல் உலையை என்ரிகோ ஃபெர்மி இப்படித்தான் அணுகினார். கிராஃபைட்டும் யுரேனியமும் அடுக்கடுக்காக ஏறின. 57-ஆம் அடுக்கில் வரும் என்று கணக்கு முன்பே சொல்லியிருந்தது; 57-ஆம் அடுக்கோடு நிறுத்தினார்கள். அன்று கட்டுப்பாட்டுத் தண்டை ஒவ்வொரு முறை கொஞ்சம் இழுக்குமுன்பும், கருவியின் முள் எங்கே போய் நிற்கும் என்று ஃபெர்மி சொல்லிவிட்டுத்தான் இழுக்கச் சொன்னார். சொன்ன இடத்தில் நின்றது. முற்பகலில் ஒரு பாதுகாப்புத் தண்டு தானாக விழுந்து எல்லாவற்றையும் நிறுத்தியதும், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார். போர்க்காலம், ராணுவத்தின் அவசரம், பூமியில் யாரும் செய்திராத காரியம். அந்த நேரத்திலும் மதியச் சாப்பாட்டுக்குப் போக முடிந்த மனிதரைப் பார்த்தால், மைல்கல்லை எப்படி அணுக வேண்டும் என்பது புரிகிறது. பிற்பகலில் அது வந்தது. உலை காட்டிய திறன் அரை வாட்.

கல்பாக்கத்தின் பெரிய ஈனுலையில் இன்னொரு வகை மைல்கல் இருந்தது. 500 மெகாவாட் உலை அது. 2004-இல் கட்டத் தொடங்கினார்கள். அதன் பிரதான கலம் ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கலம். எந்தச் சாலையிலும் கொண்டுவர முடியாது என்பதால் வளாகத்திலேயே பட்டறை போட்டுப் பற்றவைத்து, 2009 டிசம்பரில் கிரேனில் தூக்கிக் குழிக்குள் இறக்கினார்கள். அதற்குள் போகவேண்டியது உருகிய சோடியம். தண்ணீர் பட்டால் வெடிக்கும், காற்றுப் பட்டால் எரியும், 98 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். எல்லாவற்றையும்விட, அதன் ஊடே பார்வை போகாது. சோடியம் நிரப்பும்வரை கலத்துக்குள் வேலை செய்ததை மனிதன் கண்ணால் சரிபார்க்கலாம், குறையிருந்தால் கைவைத்துத் திருத்தலாம். நிரப்பிய பிறகு ஒலியலைகளை அனுப்பித்தான் தடவிப் பார்க்க வேண்டும். திரும்பிப் போக முடியாத வாசல் என்று தெரிந்துதான் அந்த வாசலில் காவல் வைத்திருக்கிறார்கள். குழி தோண்ட, முதல் கான்கிரீட் ஊற்ற, கருவிகளை நிறுவ, எரிபொருள் ஏற்ற என்று ஒவ்வொன்றுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தனித்தனி அனுமதி வேண்டும். கையெழுத்து விழாமல் அடுத்த வேலை இல்லை.

இதே துறை இன்னொரு விதமான மைல்கல்லும் வைத்தது. 2000-ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்று 1980-களில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்தபோது நாட்டின் மொத்த அணுமின் திறன் 3,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. பெரிய ஈனுலை 2010-இல் மின்சாரம் தரும் என்றார்கள். அதன் மையத்தை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில். ஒரே துறை, அதே பொறியாளர்கள். கீழே வரைபடத்தில் புள்ளி வைத்து நடந்தவர்களின் மைல்கற்கள் பொய்க்கவில்லை. மேலே மேடையில் ஆண்டைச் சொல்லி அறிவித்தவை ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. முன்னவை உலையிடம் கேட்டுப் பெற்றவை, பின்னவை உலையைக் கேட்காமல் சொன்னவை.

அட்டவணையில் வராத விஷயங்கள் வேறு. 2004 டிசம்பர் 26 காலை, அந்தப் பெரிய உலைக்கு அஸ்திவாரம் போடத் தோண்டியிருந்த குழிக்குள் சுனாமி புகுந்தது. பக்கத்துக் கனநீர் உலையின் பம்ப் ஹவுஸில் கடல்நீர் ஏறியதும் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பிலும் மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. வேலை அப்போதுதான் தொடங்கியிருந்த குழி. அதை இறைத்துச் சுத்தம் செய்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

இத்தனை வாசல்களும் காவல்களும் இருந்து என்ன, ‘வேண்டாம், நிறுத்து’ என்று யாராவது சொல்ல முடியுமா என்பதுதான் கடைசிக் கேள்வி. ஜெர்மனியில் சொன்னார்கள். ரைன் நதிக்கரையில் கால்கர் என்ற ஊரில் ஓர் ஈனுலையைக் கட்டி 1985-இல் முடித்தார்கள். எரிபொருள் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. அந்த அனுமதியை மாநில அரசு தரவில்லை. 1991-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். செலவு ஏறக்குறைய 700 கோடி மார்க். இன்று அந்த வளாகம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. குளிர்விக்கும் கோபுரத்துக்குள் ராட்டினம் சுற்றுகிறது. பிரான்ஸ் 1,200 மெகாவாட் சூப்பர்ஃபீனிக்ஸைக் கட்டி, ஓட்டியும் பார்த்து, மூடும் முடிவை 1997-இல் எடுத்தது. ஜப்பானின் மோன்ஜு 1994-இல் இயங்கி, அடுத்த ஆண்டே சோடியம் கசிந்து தீப்பிடித்து, பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. 2016-இல் மூட முடிவெடுத்தார்கள். ரஷ்யா மட்டும் 1980 முதல் ஒன்றை விடாமல் ஓட்டிவருகிறது.

நிறுத்தியவர்கள் கோழைகள் என்றோ, தொடர்கிறவர்கள் பிடிவாதக்காரர்கள் என்றோ நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கு ஈனுலை என்பது மின்சாரம் தயாரிக்கும் வழிகளில் ஒன்று; விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விட்டுவிடலாம். நமக்கு அது இரண்டாம் கட்டம். அதன் நியாயம் அதனிடம் இல்லை, மூன்றாம் கட்டத்திடம் இருக்கிறது. செலவு கூடிவிட்டதே என்று கேட்டால் தோரியத்தைக் காட்டலாம். தாமதமாகிறதே என்றால் அதற்கும் தோரியம். தனக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டம் காத்திருக்கிறது என்பதே இந்தக் கட்டத்துக்குக் கவசம் ஆகிவிடுகிறது. பாபாவின் வடிவமைப்பில் எனக்குத் தெரிகிற பலவீனம் இது ஒன்றுதான். அறிவியலில் அவர் போட்ட சங்கிலி அழகானது. ஆனால் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் தனியே எடுத்து விலை கேட்க முடியாதபடி ஆகிவிட்டது.

மூன்றாம் கட்டத்தின் அடையாளமாகக் கல்பாக்கத்தில் காமினி என்றொரு சிறிய உலை 1996 முதல் இருக்கிறது. யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டது. திறன் 30 கிலோவாட். மின்சாரத்துக்கான உலை இல்லை. ராக்கெட்டுகளில் பயன்படும் வெடிகருவிகளை நியூட்ரானால் படமெடுத்துச் சோதிக்க உதவுகிறது. தோரியத்திலிருந்து வந்த எரிபொருள் வேலைசெய்யும் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சிக்கும் ஓர் ஊருக்கு மின்சாரம் தரும் உலைக்கும் நடுவில் எத்தனை ஈனுலைகள், எத்தனை மறுபதப்படுத்தும் ஆலைகள் வேண்டும் என்று கணக்குப் போட்டால், மூன்றாம் கட்டம் நம் பேரப்பிள்ளைகளின் காரியம் என்று தெரியும்.

மணல் எடுக்கும் ஊர்க்காரர்களும் உலையின் மதிலை ஒட்டி வலை இழுக்கிறவர்களும் இந்த மூன்று கட்டங்களில் எதிலும் இடம்பெறவில்லை. 1954-இல் அப்படித்தான் திட்டம் போட்டார்கள். எந்தக் கட்டத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் அப்போது இல்லை. பிறகும் எளிதில் வரவில்லை.

ஒரு பெரிய திட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து உங்கள் முன் வைத்தால், அது மேம்பாலமோ மென்பொருளோ அணுஉலையோ, தேதிகளைப் படிப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்தக் கட்டம் முடியும்போது அடுத்ததன் கையில் எதைக் கொடுக்கும்? அடுத்தது வராமலே போனால் இது எங்கள் ஊரில் எதற்குப் பயன்படும்? நடுவில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் ஒருமுறையாவது நிறுத்தியிருக்கிறாரா? மூன்றுக்கும் நேரான பதில் இருக்கிற திட்டம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். பதில் இல்லாத திட்டம் சொன்ன தேதியில் முடிந்தாலும் நமக்கு நஷ்டம்தான்.